பூட்டு உடைந்தால்தான் இன்சூரன்ஸ்

மைக்கில் "திருடன்! திருடன்!" என்று கத்தியது நான்தான். எங்கள் தெருவில் எல்லாருக்கும் அது தெரியும். அதற்காக என்னைப் பாராட்டுகிறார்கள். எதிர்வீட்டு எந்தின் அக்கா நேற்று ஒரு தட்டு நிறையப் பொரித்த வாழைப்பழம் கொண்டுவந்து வைத்து, "எங்க கனிஸ் மட்டும் இல்லேன்னா அவ அண்ணன் செத்தே போயிருப்பான்" என்று என் தலையைத் தடவிவிட்டுப் போனாள்.

நாளைக் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் நான் பார்த்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட வேண்டும். பக்கத்து அறையில் அண்ணன் இன்னும் தூங்கவில்லை. கட்டில் கிறீச்சிடுவது கேட்கிறது. என் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. மேஜையை இழுத்து முட்டுக் கொடுத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. யாரிடமாவது ஒருதடவை முழுசாகச் சொல்லிவிட்டால்தான் நாளைக்கு வாய் திறக்க வரும் போலிருக்கிறது. அதனால் சொல்கிறேன்.

என் அண்ணன் பெயர் திர்தா. பாண்டுங்கின் கிழக்கு ஓரம், உஜுங்பெருங்கில் எங்கள் வீடு. அப்பா இல்லை. அம்மா தைவானில் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறாள். வீட்டின் முன்னறையை அண்ணன் ரெக்கார்டிங் ஸ்டுடியோ ஆக்கியிருந்தான். சுவர் முழுக்கத் தடித்த பஞ்சு, அதன்மேல் கறுப்புத் துணி, இரட்டைக் கதவு. கதவைச் சாத்திவிட்டால் உள்ளே என்ன வாசித்தாலும் வெளியே முணுமுணுப்புதான் வரும். வாசிப்பது எல்லாம் மெட்டல். கழுத்தை அறு, குடலை உருவு என்றுதான் பாட்டு. பாடுகிறவன் தொண்டைக்கு அடியிலிருந்து உறுமுவான், அலறுவான். முடிந்ததும் எல்லாரும் வெளியே வந்து, செருப்பை ஒழுங்காக மாட்டிக்கொண்டு, "டீக்கு நன்றி கனிஸ்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இத்தனை நல்ல பையன்களை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

டிரம்ஸ் வாசிப்பவர் ஜெஜென். அண்ணனுக்கு ஒன்றாம் வகுப்பிலிருந்து கூட்டாளி. எனக்குக் காங் ஜெஜென். எங்கள் பக்கம் மூத்த ஆண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். காலையில் சோயாவில் டோஃபு செய்கிற பட்டறையில் வேலை, மத்தியானத்துக்கு மேல் எங்கள் வீட்டில். பெருநாளுக்குக் கோழி அறுக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிற ஆள்.

"குடலை உருவுற பாட்டுக்கு வாசிக்கிறே, கோழிக்குக் கண்ண மூடுறியேடா" என்பான் அண்ணன்.

"நம்ம பாட்டுல எங்கடா கோழி வருது?" என்பார் அவர்.

இந்தப் பையன்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கச்சேரிக்கு எந்தக் குழு வந்து சாமான் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. கொடுக்காதவனுக்குக் கஞ்சன் என்று பேர் வந்துவிடும். பிறகு எந்த மேடையிலும் அவனைக் கூப்பிட மாட்டார்கள். அதனால் எங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயர், மிக்சர், மைக் எல்லாம் மேற்கு ஜாவா முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் பார்க்காத ஊரையெல்லாம் அவை பார்த்திருக்கின்றன.

இன்சூரன்ஸ் அம்மாவின் யோசனை. "இங்க நாய்க்குட்டிக்குக் கூட இன்சூரன்ஸ் போடுறாங்கடா, நீ என்ன இத்தனை சாமானையும் சும்மா வச்சிருக்கே" என்று போனில் விடாமல் நச்சரித்தாள். ஏஜென்ட் அக்கா ஒருத்தி வந்தாள். ஒவ்வொரு சாமானையும் திருப்பித் திருப்பிப் படம் எடுத்தாள். போகும்போது வாசலில் நின்று தெளிவாகச் சொன்னாள்.

"வீட்டுக்குள்ள இருக்கிற சாமானுக்குத்தான் தம்பி. அதுவும் பூட்டை உடைச்சு, பலவந்தமா எடுத்துட்டுப் போனாத்தான் திருட்டு. இரவல் குடுத்துத் தொலைஞ்சதுக்கெல்லாம் ஒண்ணும் வராது."

அண்ணன் தலையாட்டினான். அந்த வாரமே பெரிய ஆம்ப் இரண்டும் சுமெடாங்குக்குக் கிளம்பின. "டேய், அவ சொன்னது காதுல விழுந்துச்சா?" என்று காங் ஜெஜென் கேட்டார். "அவளுக்கு நம்ம ஆளுங்களைத் தெரியாது" என்றான் அண்ணன்.

ஜூலையில் தாசிக்மலாயாவுக்குப் போன குழு கிட்டத்தட்ட எல்லாவற்றையும் வாங்கிப் போயிற்று. திரும்பும்போது மலைப்பாதையில் லாரிக்குப் பிரேக் பிடிக்கவில்லை. பையன்கள் குதித்துவிட்டார்கள். லாரி சாமானோடு ஆற்றில் விழுந்தது. அந்தப் பையன்கள் நடுராத்திரியில் வந்து எங்கள் வாசலில் அழுதார்கள்; தெருவில் யாருக்கும் தெரியாது. அண்ணன்தான் அவர்களைத் தேற்றினான். "உயிர் இருக்குல்ல, போங்கடா" என்று அனுப்பிவிட்டு ஸ்டுடியோவுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். டிரம்ஸும் காலி ஸ்டாண்டுகளும்தான் உள்ளே இருந்தன. சாப்பாட்டுக்கு எங்களுக்கு அந்த அறையை விட்டால் வேறு வழி கிடையாது. அம்மா அனுப்புவது அவளுடைய வேலைக்கு வாங்கின கடனுக்கே போய்விடும்.

ஆற்றில் போன சாமான் வீட்டிலிருந்து, பூட்டு உடைந்து, இன்னொரு தடவை போக வேண்டும் என்று அவன் முடிவு செய்தது எனக்குத் தெரியாது. காங் ஜெஜெனுக்கு மட்டும்தான் தெரியும். என்னிடம் சொல்லியிருந்தால் நான் கத்தியிருக்க மாட்டேன்.

ஆகஸ்டில் சுதந்திர தினத்துக்கு எங்கள் தெருவில் போட்டிகள் நடக்கும். சாக்கு ஓட்டம், மாவுக்குள் காசு தேடுவது, கடைசியில் ஆண்கள் நைட்டி போட்டுக்கொண்டு ஆடும் கால்பந்து. அதற்குத்தான் கூட்டம் வரும். குழந்தைகள், கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள் என்று தெருவே மைதானத்தில் இருக்கும். ஒரு வீட்டிலும் ஆள் இருக்காது. அண்ணன் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தது அதனால்தான். எல்லா ஆண்களும் ஒரே இடத்தில் இருப்பார்கள், அங்கே ஒரு மைக்கும் இருக்கும் என்பதை அவன் யோசிக்கவில்லை. இத்தனைக்கும் அந்த ஸ்பீக்கரும் மைக்கும் அவன் ஏற்கெனவே தெருவுக்கு இரவல் கொடுத்திருந்ததால் ஆற்றுக்குத் தப்பியவைதான்.

தெருத் தலைவர் பாக் சர்மான்தான் நடுவர், அவரேதான் வர்ணனை. மனைவியின் ஊதா நைட்டி, கழுத்தில் விசில்.

"அடேய் ஹெரி, பாவாடையத் தூக்கிக்கிட்டு ஓடுடா! தடுக்கி விழுந்து இங்கயே பிரசவமாயிடப் போவுது!"

"நைட்டி கிழிஞ்சுது, இன்னிக்கு வீட்டுல சோறு கிடையாது, சொல்லிட்டேன்!" என்று ஹெரியின் மனைவி ஓரத்திலிருந்து கத்தினாள்.

"கேட்டியா ஹெரி? கோல் விட்டாலும் பரவால்ல, துணியக் காப்பாத்து!"

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். நான் அப்போதுதான் மாவில் முகத்தை முக்கிக் காசு எடுத்திருந்தேன். முகமெல்லாம் வெள்ளை. திடீரென்று மைக் கொரகொரவென்று இரைந்தது.

"கனிஸு! உங்கண்ணன் குடுத்த வயரு கரகரங்குது. ஓடிப்போயி வேற ஒண்ணு எடுத்துட்டு வா."

முகத்தைக் கழுவாமல் ஓடினேன். தெருமுனையில் எந்தின் அக்கா வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டுப் பக்கமிருந்து ஒரு அலறல் வந்தது.

"இன்னிக்குக் கூட லீவு விடலையா உங்கண்ணன்?" என்றாள் அக்கா. "காலையிலேர்ந்து இல்ல, இப்பத்தான் ஆரம்பிச்சான். என்னமாக் கத்துறான் பாரு."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வேறு எந்தத் தெருவிலாவது அப்படி ஒரு சத்தம் கேட்டால் நாலு பேர் ஓடியிருப்பார்கள். எங்கள் வீட்டிலிருந்து அலறல் கேட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனால் வீட்டை நெருங்க நெருங்க, கதவைச் சாத்தியிருந்தால் இவ்வளவு சத்தம் வெளியே வராதே என்று நினைத்தேன்.

வாசல் பூட்டு உடைந்து தொங்கியது. ஸ்டுடியோவின் இரட்டைக் கதவில் ஒன்று கீலோடு பெயர்ந்து சாய்ந்து கிடந்தது. உள்ளே, கண் மட்டும் தெரிகிற குல்லாயும் மழைக்கோட்டும் போட்ட ஒருத்தன் மைக் ஸ்டாண்டின் இரும்புக் கம்பியை ஓங்கி அண்ணன் தோளில் அடித்தான். அண்ணன் அலறிக்கொண்டு விழுந்தான். பிறகு எழுந்தான். எழுந்து, ஓடாமல், மறுபடி அவன் முன்னாலேயே வந்து நின்றான். அடுத்த அடி நெற்றியில் விழுந்தது. தோல் பிளந்து ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. அண்ணன் சுவரில் மோதி, அந்தக் கறுப்புத் துணியைக் கையால் பற்றிக் கிழித்துக்கொண்டு சரிந்தான். முகமூடிக்காரனின் தோள் குலுங்கியது. மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். அவன் அழுதுகொண்டிருந்தான் என்று இப்போது தெரியும்.

நான் வந்த சுவடு தெரியாமல் திரும்பி ஓடினேன். எந்தின் அக்கா என்னவோ கேட்டாள். மைதானத்துக்குள் புகுந்து, பாக் சர்மான் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினேன். கொரகொரப்புக்கு நடுவே என் குரல் மலைவரை போயிருக்கும்.

"திருடன்! திருடன்! எங்க வீட்டுல! அண்ணனைக் கொல்றான்!"

ஒரு நொடி எல்லாரும் என் வெள்ளை முகத்தையே பார்த்தார்கள். அடுத்த நொடி மைதானம் காலி. பூப்போட்ட நைட்டி, கட்டம்போட்ட நைட்டி, எல்லாவற்றையும் தொடைக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு ஓடினார்கள். ஹெரி கொடிக்கம்பத்தைப் பிடுங்கினான். மூங்கில் நுனியில் கொடி அப்படியே இருந்தது. சாக்கு ஓட்டத்துக்கு நட்ட கழிகளை மற்றவர்கள் பிடுங்கிக்கொண்டார்கள்.

அவன் எங்கள் வாசலைத் தாண்டித் தெருவில் கால் வைத்திருந்தான். கையில் காலிச் சாக்கு. கூட்டத்தைப் பார்த்ததும் ஓடப் பார்த்தான். ஹெரி மூங்கிலைக் காலுக்கு நடுவே எறிந்தான். விழுந்தவன் எழவேயில்லை.

அடிபடுகிறவன் எப்படிச் சுருண்டுகொள்வான்? தலையை மறைப்பான். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் எத்தனை சண்டை பார்த்திருக்கிறேன், எல்லாரும் கைகளைத் தலைக்கு மேல்தான் கொண்டுபோவார்கள். இவன் தலையை அப்படியே விட்டுவிட்டான். இரண்டு கைகளையும் வயிற்றுக்கு அடியில் செருகிக்கொண்டு, குப்புறப் படுத்து, மேலே உடம்பைப் போட்டு அமுக்கிக்கொண்டான். முகத்தில் உதைத்தார்கள். காதில் உதைத்தார்கள். வாயில் செங்கல் பட்டுப் பல் தெறித்தது. கை வெளியே வரவில்லை.

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. வாசிக்கிற நாளில் பைக் ஓட்டினால் கூடக் குளிர் படாமல் உறை மாட்டிக்கொள்கிற கை அது. டோஃபு வெட்டும் கத்தியைக்கூட இன்னொருத்தரிடம் கொடுத்துவிடுவார். "அது காங் ஜெஜென்!" என்று கத்தினேன். அந்தச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்?

"கைக்கடியில என்னமோ ஒளிச்சு வச்சிருக்கான்!" என்றான் ஒருத்தன்.

"கத்திடா! கத்தி வச்சிருக்கான்! இழு!"

நாலு பேர் முதுகில் ஏறினார்கள். இரண்டு பேர் தோளைப் பிடித்து முறுக்கிக் கைகளை வெளியே உருவினார்கள். விரல்கள் இறுக மூடியிருந்தன. "விட மாட்டேங்கிறான் பாரு" என்று ஹெரி கொடிக்கம்பின் அடிப்பக்கத்தால் அந்த விரல்களின்மேல் குத்தினான், நெல் குத்துவது மாதிரி, நின்றபடி, எட்டிக் குத்தினான். சாலைக் கல்லில் எலும்பு நொறுங்குகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அப்போதுதான் முதல்முறையாகக் கத்தினார். கத்தி எதுவும் இல்லை. ஒன்றுமே இல்லை. அதற்குள் யாரோ இடது மணிக்கட்டின்மேல் ஏறி நின்றுவிட்டார்கள்.

பாக் சர்மான் குல்லாயை உருவினார். கூட்டம் ஒரு மூச்சு அடங்கியது.

"இது ஜெஜென் இல்ல?"

"திர்தாவோட கூட்டாளிடா!"

அத்தோடு நின்றுவிடும் என்று நினைத்தேன். இல்லை. "அடப்பாவி, சோறு போட்ட வீட்டுலயே!" என்று யாரோ கத்தியதும் இன்னும் மூர்க்கமாக விழுந்தது அடி. வெளியூர்த் திருடனை அடித்ததைவிடத் தெரிந்தவனை அதிகம் அடித்தார்கள்.

அண்ணன் வாசலுக்கு வந்துவிட்டான். நெற்றியிலிருந்து சட்டைவரை ரத்தம். தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். காங் ஜெஜென் தரையிலிருந்து ஒரு கண்ணால் அவனைப் பார்த்தார். நான் பார்த்தேன் அதை. அண்ணன் வாயைத் திறந்தான். திறந்தபடியே வைத்திருந்தான்.

"பாவம், அதிர்ச்சியில பேச்சே வரல பாரு அவனுக்கு" என்றாள் ஒருத்தி.

போலீஸ் வந்தபோது நைட்டிகளில் ரத்தம். பாதிப்பேர் வீட்டுக்கு ஓடித் துணி மாற்றிக்கொண்டார்கள்.

அண்ணனுக்கு நெற்றியில் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள்தான் என்னிடம் சொன்னான், ஸ்டுடியோவுக்குள் உட்கார்ந்துகொண்டு. யாராவது தற்செயலாக எட்டிப்பார்த்தாலும் அந்நியன் என்று நினைக்க வேண்டும், அதற்குத்தான் முகமூடி. ரத்தம் இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள், அதற்குத்தான் அடி.

"அவனால முடியலை கனிஸ். மொத அடி தட்டிக்குடுக்கிற மாதிரி இருந்துச்சு. 'நல்லா அடிடா, நாயே'னு நான்தான் திட்டினேன். அழுதுக்கிட்டே அடிச்சான்."

"தெருவுல அடிச்சப்ப நீ ஏன் சொல்லலை?"

"வாயைத் திறந்தேன். சத்தம் வரலை."

"அப்புறம்?"

நெற்றித் தையலை விரலால் தொட்டுப் பார்த்தான். "அப்புறம் வந்திருக்கும். அதுக்குள்ள அவன் கை போயிடுச்சு. இனிமே சொல்லி என்ன ஆவப்போவுதுனு தோணுச்சு."

இன்சூரன்ஸிலிருந்து ஒருத்தர் வந்து பார்த்தார். உடைந்த பூட்டு, பெயர்ந்த கதவு, பஞ்சில் உறைந்த ரத்தம், அண்ணன் நெற்றி. உச்சுக்கொட்டினார். சாமானை எல்லாம் முதலில் இன்னொருத்தன் பின்சந்து வழியாக வேனில் ஏற்றிக்கொண்டு போய்விட்டான் என்று அண்ணன் சொன்னான். அவர் நம்பினார். தெருவும் நம்பியது. நான் பார்த்ததை மட்டும் போலீஸில் சொல்லி முடித்துவிட்டால் போதும் என்றார்.

அன்று சாயங்காலம் பாக் சர்மானும் வந்தார். இடுப்பில் கைலி, கையில் மார்த்தபாக் ரொட்டிப் பொட்டலம். இன்சூரன்ஸ்காரர் வந்துபோனதைக் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்.

"ஜெஜென் திருடன். அவ்வளவுதான் பாப்பா. திருடனை அடிச்சா, உணர்ச்சிவசப்பட்டாங்கனு போலீஸும் விட்டுடும். திருடன் இல்லாதவனை அடிச்சா ஹெரி உள்ள போவான், நான் போவேன், நம்ம தெருவுல பாதி ஆம்பளை போவான். ஹெரி பொண்டாட்டிக்கு இது எட்டாம் மாசம். புரியுதா?"

அவருக்கு உண்மை தெரியுமா, ஊகமா என்று எனக்குத் தெரியவில்லை. "சாப்பிடு, ஆறிடப்போவுது" என்று பொட்டலத்தை என் பக்கம் தள்ளினார்.

அவர் போனதும் அண்ணனிடம், நான் நடந்ததைத்தான் சொல்வேன் என்றேன். அவன் எழுந்து என்னை ஸ்டுடியோவுக்குள் தள்ளினான். மத்தியானம்தான் மறுபடி மாட்டிய கதவை உதைத்துச் சாத்தினான். கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். பஞ்சு முதுகில் மெத்தென்று இருந்தது. என் கால் தரையில் படவில்லை.

"கத்து" என்றான். "எவன் வர்றான்னு பார்ப்போம். கத்துடீ!"

என் அண்ணன் என்னை அதுவரை ஒருதடவைகூட அடித்ததில்லை. கண் இருட்டியது. கையில் அகப்பட்ட ஸ்டாண்டால் அவன் தையலில் அடித்தேன். விட்டான். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து இருமினோம். அவன் நெற்றியிலிருந்து மறுபடி ரத்தம் ஒழுகியது. "சரி, சொல்லலை" என்றேன். அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

ஆனால் இன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கழுத்தில் துணி சுற்றியிருந்தேன். அறை வாசலில் ஒரு போலீஸ்காரர் பஜ்ஜி தின்றுகொண்டிருந்தார்.

"மைக்குல கத்தின பொண்ணு நீதானே? கெட்டிக்காரி. போ, உள்ள போயி நல்லாத் திட்டிட்டு வா."

காங் ஜெஜெனின் அம்மா, ஓனா அம்மா, நடையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் வீட்டு ஜன்னல்களைத் தெருப் பையன்கள் கல்லெறிந்து உடைத்துவிட்டார்கள். அவள் என்னைத் திட்டவில்லை.

"வலது கை விரலுக்கு ரத்தம் ஓடலையாம். வியாழக்கிழமை எடுக்கப் போறாங்க. இடது மணிக்கட்டு மாவா போச்சாம், இனி மடங்காதாம். அவன்கிட்ட சொல்லிடாதம்மா. மறுபடி வாசிப்பேன்னு நினைச்சுக்கிட்டுத்தான் ரெண்டு வாய் சோறு திங்கிறான்." பிறகு என் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள். "ஏன்டா திருடப் போனேன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறான். நீயாவது கேளு."

உள்ளே அவர் முகம் வீங்கி வேறு யாரோ மாதிரி இருந்தது. ஒரு கண் மூடியிருந்தது. இரண்டு கைகளும் தலையணை மாதிரிக் கட்டுப்போட்டு வயிற்றின்மேல் கிடந்தன. போர்வைக்கடியில் இரண்டு பாதங்களும் மாறி மாறி, வேகமாக, சீராக அசைந்துகொண்டிருந்தன. டிரம்ஸின் பெடலை மிதிக்கிற மாதிரி.

"கால் ஓடுது பாத்தியா" என்றார். பல் இல்லாததால் வார்த்தை குழறியது. "கால் பழக்கம் விட்டா போயிடும். கைக்கு ஒரு மாசம் ஆவும்போல. இப்ப மருந்துல மரத்துக் கிடக்கு."

"நான்தான் கத்தினேன், காங்."

"யாரா இருந்தாலும் கத்தத்தான் செய்வாங்க. விடு."

"ஏன் நீங்க ஒண்ணும் சொல்லலை? அடிக்கிறப்ப? இப்பவாவது?"

"சொன்னா திர்தா உள்ள போவான். சாமான் வராது. சாமான் வரலைன்னா நான் எங்க போயி வாசிக்கிறது? என்னை வேற எவன் சேர்ப்பான்?" சிரிக்கப் பார்த்தார். "கொஞ்ச நாள் உள்ள இருந்துட்டு வர்றேன். வந்தா எல்லாம் புதுசா இருக்கும். எனக்குப் புது செட்டு வாங்கித் தர்றேன்னு சொல்லியிருக்கான் அவன். நீ உன் வேலையப் பாரு. என்னத் திருடன்னு சொல்லிட்டுப் போயிடு."

பாதங்கள் ஓடிக்கொண்டேயிருந்தன. என்னால் தாங்க முடியவில்லை.

"காங், வியாழக்கிழமை உங்க வலது கை விரலை எடுக்கப் போறாங்க. இன்னொரு கை மடங்காதாம்."

பாதங்கள் நின்றன.

அவர் தன் கைக்கட்டுகளைப் பார்த்தார். தூக்கப் பார்த்தார், முடியவில்லை. மூடின கண்ணிலிருந்துதான் முதலில் தண்ணீர் வந்தது. போலீஸ்காரர் வெளியே யாரிடமோ பேசிச் சிரிப்பது கேட்டது. நான் போய்விடலாமா என்று நினைத்தபோது சொன்னார்.

"அப்ப சொல்லிடு."

"யார்கிட்ட?"

"எல்லார்கிட்டயும். மொதல்ல எங்கம்மாகிட்ட."

நடைக்கு வந்து ஓனா அம்மாவிடம் சொன்னேன். அவள் முழுசாகக் கேட்டாள். பிறகு எழுந்து என்னை அறைந்தாள். முதுகில், தோளில், தலையில், இரண்டு கையாலும் குத்தினாள். நான் நகரவில்லை. போலீஸ்காரர் ஓடிவந்து அவளைப் பிடித்துத் தள்ளினார்.

"திருட்டுப் பயலைப் பெத்துட்டு, ஊர்ப் புள்ளைய வேற அடிக்கிறியா?"

"என் மகன் திருடன் இல்ல!" என்று அந்த நடை முழுக்கக் கேட்கக் கத்தினாள். அவர் சிரித்தார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. மூச்சு வாங்க என் சட்டைக் காலரைப் பிடித்து, "நாளைக்கு நானும் வர்றேன். தெருமுனையில நிப்பேன். வரலைன்னா வீட்டுக்கு வந்து இழுத்துட்டுப் போவேன்" என்றாள்.

இவ்வளவுதான். வெளியே போனால் எந்தின் அக்கா இருப்பாள், ஹெரியின் மனைவி வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்பாள், பாக் சர்மான் இருப்பார். நாளைக்குச் சாயங்காலம் இவர்களில் யாரும் எனக்குப் பழம் பொரித்துத் தர மாட்டார்கள். எங்களை ஏமாற்றி இப்படிச் செய்ய வைத்தானே என்று அண்ணனை இழுத்துப்போட்டு அடிக்கவும் அடிப்பார்கள். அதையும் நினைத்துத்தான் பயம்.

கட்டில் சத்தம் நின்றுவிட்டது. காலடி வருகிறது.

"கனிஸ். தூங்கிட்டியா?"

மேஜையை இன்னும் நெருக்கித் தள்ளுகிறேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போனியாமே. என்ன சொன்னான்?"

"சொல்லிடச் சொன்னார்."

"பொய்." கதவைத் தள்ளுகிறான். மேஜை நகர்கிறது. நான் முதுகைக் கொடுத்து, எதிர்ச்சுவரில் காலை உதைத்து அழுத்துகிறேன். "அவன் அப்படிச் சொல்ல மாட்டான். திறடீ!"

"வியாழக்கிழமை விரலை எடுக்கப் போறாங்கண்ணா. இனிமே அவரால வாசிக்க முடியாது."

கதவு நின்றது. பிறகு அவன் தரையில் உட்காருவது தெரிந்தது, கதவில் முதுகைச் சரித்து. இப்போது அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் நானும் அதே கதவில் சாய்ந்திருக்கிறோம். அவன் அழுகிறானா என்று தெரியவில்லை. காலை வைத்த இடத்திலிருந்து நான் எடுக்கவில்லை. விடிந்ததும் ஸ்டேஷன் பக்கம் போகிற முதல் வேன் ஓனா அம்மா நிற்கிற முனை வழியாகத்தான் போகும். அதுவரை எடுக்க மாட்டேன்.